வளையும் என்று எழுதிய இரும்பு

நசரத்பேட்டை
5 மார்ச் 2025

சரண்,

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பப் போகிறேன். பத்து கிலோமீட்டர்தானே, நேரில் கொடுக்கலாமே என்று போஸ்ட் ஆபீஸ் பெண் கேட்டாலும் கேட்பாள். நேரில் வந்தால் நாம் பேச மாட்டோம், கத்துவோம். போனில் எழுதினால் நாளைக்கு விசாரணை மேஜையில் அச்சடித்து வைப்பார்கள். ஆபீஸில் நம் இருவர் போனையும் ஒரு நாள் முழுக்க வாங்கி வைத்துவிட்டுத்தானே கொடுத்தார்கள். அதனால் காகிதம்.

உன் வீட்டை விட்டு வந்து பத்து நாள் ஆகிறது. சுதாவின் ஃபிளாட்டில் இருக்கிறேன். அவள் காலேஜில் இருந்த மாதிரியே ஒன்றும் கேட்காமல் சோறு போடுகிறாள். உடம்பு நன்றாக இருக்கிறது. இது போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று வீராசாமி இங்கே வந்தார். உன் யார்டில் இருக்கும் வெல்டர் வீராசாமிதான். இருந்த, என்று எழுத வேண்டும். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம், வெல்டர் சர்டிபிகேட்டையும் ரத்து செய்துவிட்டார்களாம், ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்களாம். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"டிராயிங்ல இன்னா போட்டு கீதோ அதத்தாம்மா அட்ச்சேன். ஆறு எம்எம்னா ஆறு எம்எம். சரண் சாரே கேஜ் வெச்சி பாத்துக்கினு 'சூப்பர் வீராசாமி'ன்னாரு. இப்போ நாலு எம்எம்தான் இருந்துச்சுன்னு அவரே கையெழுத்து போட்டு குட்து கீறாரு. நான் இன்னாம்மா பண்ணேன் அவர?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரண், வெல்டைச் சோதித்து பாஸ் போடும் குவாலிட்டி ஆள் நீ, நிஜமாகவே அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாயா?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் எங்கே என்ன நடந்தது என்று எனக்கே மனதில் நிற்கிறது. கிளையன்ட் பிளான்டில் அந்த நீராவி பைப் சூடேறினால் நீளும். நீண்டால், தூணிலிருந்து கை நீட்டிக்கொண்டிருக்கும் பதினான்காம் பிராக்கெட்டைக் கீழே அழுத்தும். சாதாரணக் கணக்குப்படி பிராக்கெட் தாங்காது. நூறு தாங்கும் இடத்தில் நூற்று முப்பது வந்தது. பெரிய பிராக்கெட் போடலாம் என்றேன். எங்கள் டிபார்ட்மென்ட் ஹெட் வீரராகவன் சார், "எல்லாம் வெட்டி, ஜிங்க் பூசி வந்தாச்சும்மா. தேதி இல்ல. பிளாஸ்டிக் ஹிஞ்ச் வெச்சு ஓட்டிப் பாரு" என்றார்.

அதில் தப்பில்லை. எஃகு ஒரு அளவுக்கு மேல் போனால் உடனே உடையாது. தூணை ஒட்டிய இடத்தில் கதவுக் கீல் மாதிரி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அப்படி வளைகிற இடத்துக்குத்தான் பிளாஸ்டிக் ஹிஞ்ச் என்று பெயர். வளைந்துவிட்டால் அதற்கு மேல் சுமையை அது வாங்காது, மிச்சத்தைப் பக்கத்து பிராக்கெட்டுகள் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் அப்படி ஓட்டினேன். பதினான்கும் பதினைந்தும் வளைந்தன, பைப் நின்றது. ஒரே ஒரு நிபந்தனை. தூணோடு சேரும் வெல்டு அந்த இரும்பைவிடப் பலமாக இருக்க வேண்டும். இரும்பு வளைவதற்கு முன்னால் வெல்டு பிய்ந்தால் என் கணக்கே பொய். அதனால் இந்த இரண்டு பிராக்கெட்டுக்கும் முழு கனத்துக்கும் உருகிச் சேரும் வெல்டு வேண்டும் என்று கணக்கின் முப்பத்தோராம் பக்கத்தில் எழுதினேன். டிராயிங்கில் ஒரு பக்கம் மட்டும் ஆறு எம்எம் என்று இருந்தது. அதை மாற்றச் சொல்லிச் சீட்டு எழுதி சாரிடம் கொடுத்தேன். "அடுத்த ரிவிஷன்ல சேத்து அனுப்பிடலாம்" என்று டிராயரில் வைத்தார். அது அங்கிருந்து போகவே இல்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி நீராவியைத் திறந்தார்கள். வெல்டு பிய்ந்தது. கீழே நின்ற ஃபிட்டர் எத்திராஜின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

தப்பு என் பக்கம் இருக்கிறது, வீரராகவன் சார் பக்கம் இருக்கிறது. உன் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, அது எது என்று உனக்குத் தெரியும். வீராசாமி பக்கம் ஒன்றுமே இல்லை. அந்தத் தாளைத் திரும்ப வாங்கு.

ராதிகா

*

திருமுல்லைவாயில்
9 மார்ச் 2025

அம்மணிக்கு,

கடிதம் வந்தது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "இன்னாடா இது, கட்ன பொண்டாட்டி தபால்ல பேசிக்கினு கீறா? சண்ட கிண்ட போட்டுகினியா?" என்று கேட்டாள். நீ கிளையன்ட் வேலையாகப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். கவரில் நசரத்பேட்டை முத்திரை. என் மானம் போனது. பரவாயில்லை, இந்த மாதம் அது தினமும்தான் போகிறது.

நிஜமாகவே கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டிருக்கிறாய். போட்டேன். எப்படிப் போட்டேன் என்றும் கேட்டிருக்கலாம். அதைக் கேட்க உனக்குத் தோன்றாது. சுமைக் கணக்குப் போடும் உங்கள் ஸ்ட்ரெஸ் டிபார்ட்மென்ட்டுக்கு விடை பாஸா ஃபெயிலா என்பதுதானே முக்கியம்.

மூன்று மணிநேரம் ஏ.சி. ரூமில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் யார்டு மேனேஜர், இன்னொரு பக்கம் உன் வீரராகவன் சார். அந்த ஆள் என்னிடம் டீ குடிக்கிறாயா என்று நாலு தடவை கேட்டார். கடைசியில் சொன்னார்: "சரண், வெல்டு டிராயிங் பிரகாரம் சரியா இருந்துச்சுன்னா, டிராயிங் தப்புன்னு ஆகும். டிராயிங் தப்புன்னா, கணக்கு யாரு போட்டதுன்னு கேப்பாங்க. கணக்கு யாரு போட்டதுன்னு உங்களுக்கே தெரியும்." உன் பெயரை அவர் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்காகத்தான் போட்டேன் என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்? அதனால் சொல்லவில்லை.

'உன் பக்கமும் கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. நீ தோசை ஊற்றிக்கொண்டிருந்தாய், நான் தின்றுகொண்டிருந்தேன். "பதினாலு பதினஞ்சுக்கு ஃபுல் வெல்டு வேணும், உங்க யார்டுல சொல்லி வை" என்றாய். டிராயிங்கில் வரட்டும் என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் டிபார்ட்மென்ட் ஆள் ஒருவன் போனில் சொன்னான் என்று நாலு இடத்தில் கூடுதல் பிளேட் அடிக்க விட்டேன். கிளையன்ட் கேட்டபோது, நான் சொல்லவே இல்லை என்று கையை விரித்தான். எனக்கு மெமோ. அன்று வீட்டுக்கு வந்ததும் நீதான் சொன்னாய், "இனிமே பேப்பர் இல்லாம எதையும் தொடாதே சரண், கடவுளே வந்து சொன்னாலும் ரிவிஷன் நம்பர் கேளு" என்று. கேட்டேன். அதுதான் என் குற்றம்.

நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேப்பர் வந்ததா என்று ஒரு நாள் கேட்டிருப்பாயா?

உன் ஹிஞ்ச், உன் முப்பத்தோராம் பக்கம், உன் சீட்டு. முறிந்தது மட்டும் எங்கள் வெல்டு. நன்றாக இருக்கிறது.

சரண்

பி.கு. உன் பி.பி. மாத்திரை இங்கேயே இருக்கிறது. கவரில் வைத்திருக்கிறேன். கோபத்தில் போடாமல் இருக்காதே.

*

நசரத்பேட்டை
13 மார்ச் 2025

சரண்,

மாத்திரை வந்தது.

ஆமாம், கேட்கவில்லை. ஏன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று, என் வேலை முடிந்தது என்று நினைத்தேன் என்பது பாதிதான் உண்மை. மீதியையும் எழுதுகிறேன், உன்னைத் தவிர யாருக்கும் எழுத முடியாது. அந்த வாரம் கிளையன்ட் மீட்டிங்கில் வீரராகவன் சார் எழுந்து நின்று, "எங்க ராதிகா பிளாஸ்டிக் அனாலிசிஸ் பண்ணி உங்களுக்கு ரெண்டு மாசம் மிச்சம் பிடிச்சிருக்காங்க" என்றார். கைதட்டினார்கள். ஏழு வருஷத்தில் என் பெயர் அந்த அறையில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு மறுநாள் போய், 'சார், அந்தச் சீட்டை அனுப்பினீங்களா, இல்லன்னா கணக்கு செல்லாது' என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டிருந்தால் தேதி தள்ளிப் போயிருக்கும், கைதட்டலும் போயிருக்கும். இவ்வளவு அற்பமான விஷயத்துக்காகத்தான் ஒருவருடைய கால் போனது.

எத்திராஜைப் பார்க்க ஆவடி போயிருந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். கணக்குப் போட்டவள் நான்தான் என்றும் சொன்னேன். "இரும்புல எப்டி மேடம் பிளாஸ்டிக்கு?" என்றார். விளக்கினேன், ஒரு மனிதனின் காலைப் பார்த்துக்கொண்டே விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ அது வளஞ்சிருக்கணும். வளையல. பட்டுனு ஒரு சத்தம், அவ்ளோதான்" என்றார். பிறகு, "வீராசாமி கைய எனக்குத் தெரியும் மேடம். பதினோரு வர்சமா கூட கீறேன். அவன் மேல போட்டீங்கன்னா உங்களுக்குச் சோறு எறங்காது" என்றார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று அங்கேதான் தெரிந்தது. அவரைப் பார்க்க வந்த பிளான்ட் ஆட்கள் சொன்னார்கள். பதினான்காம் பிராக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்களாம். வேறு வெல்டர், அதே டிராயிங், அதே ஒரு பக்கம் ஆறு எம்எம். பதினைந்து தொடப்படவே இல்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி நீராவியைத் திறக்கிறார்கள். வெல்டர் மோசம் என்று முடிவு கட்டியதால், வெல்டரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். சரண், உன் 'நாலு எம்எம்' செய்திருக்கும் வேலை இது. ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்தது மட்டும் இல்லை. அந்த பைப்புக்குக் கீழே இன்னொருவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

யார்டு மேனேஜருக்கும் வீரராகவன் சாருக்கும் மெயில் போட்டேன். 'விசாரணை நடந்துகொண்டிருப்பதால் கருத்துச் சொல்ல இயலாது' என்று பதில் வந்தது. உடைந்த பழைய பிராக்கெட்டை எடுத்து அளந்து பாருங்கள் என்று கேட்டேன். ஸ்கிராப்பில் போய்விட்டதாம்.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதிகாரி வெளியாள். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். கிளையன்டிடம் இருக்கும் பிரதியில் முப்பத்தோராம் பக்கம் அப்படியே இருக்கிறது. நூற்றுப் பத்து பக்கத்தில் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நான் ஒருத்தி சொன்னால், தன் கணக்கைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்பார்கள். வெல்டை அளந்தவன் நீ. நீ சொல்ல வேண்டும்.

ராதிகா

*

திருமுல்லைவாயில்
17 மார்ச் 2025

ராதிகா,

மூன்று நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போய் வருகிறேன். பதினைந்தாம் பிராக்கெட் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்தபின் தூக்கம் இல்லை.

ஆனால் நீ ஒன்றை யோசிக்காமல் விட்டிருக்கிறாய். அல்லது யோசித்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்கிறாயே, அந்த அதிகாரி அடுத்ததாக என்ன கேட்பார்? 'ஃபுல் வெல்டு வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, சீட்டு போகவில்லை. வேறு யாரிடமாவது சொன்னீர்களா?' இதைத்தான் கேட்பார். நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன்.

'என் கணவரிடம் சொன்னேன்' என்றால் உன் பாரம் பாதி இறங்கிவிடும். குவாலிட்டி ஆளிடமே சொல்லியிருக்கிறாள், பாவம், அவள் என்ன செய்வாள் என்பார்கள். நான் என்ன ஆவேன்? தெரிந்தே பாஸ் போட்டவன். டிராயிங் பிரகாரம் பாஸ் போட்டேன் என்று சொல்ல முடியாது. இந்த டிராயிங் தப்பு என்று கணக்குப் போட்ட பெண்ணே சொல்லியும், கேஜை வைத்து 'சூப்பர்' என்றவன். ஒரு கால் போயிருக்கிறது. இதற்கு மெமோ வராது, ஜெயில் வரும்.

நான் பயந்தாங்கொள்ளிதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும். உங்கள் அப்பாவிடம் பேச மணப்பாறை வந்தபோது பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிப் போகப் பார்த்தேனே, நீதானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

தோசை ஊற்றும்போது சொன்ன பேச்சுக்கு சாட்சி கிடையாது. கேட்டால், அவள் என்னிடம் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவேன். உன்னை மிரட்டுவதாக நினைக்காதே. முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான். இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

தயவுசெய்து அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு.

சரண்

*

நசரத்பேட்டை
21 மார்ச் 2025

சரண்,

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று இதுவரை ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. விபத்தைப் பற்றிச் சண்டை வந்ததால் என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

பிப்ரவரி இருபதாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு நீ போன் செய்தாய். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜூஸ் கடையில் நின்றிருந்தேன். ஆபீஸில் அதற்குள் விஷயம் பரவியிருந்தது. உன் பெயரை ஸ்கிரீனில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. எடுத்தேன். நீ பேசிய முதல் வார்த்தை என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? 'அன்னிக்கு நீ எங்கிட்ட சொன்னதை யார்கிட்டயும் சொல்லிடாதே.' அந்த ஆள் பிழைத்தாரா என்று நீ சொல்லவில்லை. எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் 'சரி' என்றேன். நீ 'சரி, வைக்கிறேன்' என்றாய். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், நீயாக ஏதாவது பேசுவாய் என்று. பேசவில்லை. அதனால்தான் வந்தேன்.

இப்போதும் அதையே மூன்று தாளைக் கிழித்துவிட்டு எழுதுகிறாய்.

சொல்லவே இல்லை என்று சொல்லிக்கொள். உன் வாய், உன் இஷ்டம். ஆனால் நாலு எம்எம் என்று எழுதினாயே, அதை மட்டும் திரும்ப வாங்கு. அது சமையலறைப் பேச்சு இல்லை, உன் கேஜ் சொன்ன அளவு. வீராசாமி நேற்றும் வந்தார். மனைவி வடிவு அக்காவையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரரு வெல்டு அட்ச்ச இடத்தத் தொட்டுக் கும்புட்டுட்டுதாம்மா வருவாரு, அவரப் போயி" என்றார். நான் என்ன செய்வேன் சொல்?

என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கே தெரியாது. உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல் இருக்கிறது. உன் பழைய நீலச் சட்டை ஒன்று என் பையில் வந்துவிட்டிருக்கிறது, அதைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வருகிறது.

ராதிகா

*

திருமுல்லைவாயில்
25 மார்ச் 2025

ராதிகா,

என்னைப் பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன்னைப் பதினொன்றரைக்கு என்று கேள்விப்பட்டேன்.

அந்தத் தாளைப் பற்றி உள்ளதைச் சொல்வேன். மேனேஜர் இருந்தாலும் சொல்வேன், வீரராகவன் இருந்தாலும் சொல்வேன். பதினைந்தை அளந்து பாருங்கள், அதே கை, அதே நாள், ஆறு எம்எம் இருக்கும் என்றும் சொல்வேன். இது உறுதி.

மற்றதைப் பற்றிக் கேட்காதே. எழுதத் தெரியவில்லை.

போன் செய்தபோது முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ எழுதிய பிறகுதான் அந்தக் குரல் எனக்கே கேட்டது. கேவலமாக இருந்தது.

சரண்

*

திருமுல்லைவாயில்
16 ஏப்ரல் 2025

ராதிகா,

வருஷப் பிறப்புக்கு வருவாய் என்று அம்மா மாங்காய்ப் பச்சடி எடுத்து வைத்திருந்தாள். நேற்றுதான் எடுத்துக் கொட்டினாள்.

அறிக்கை வந்துவிட்டது. உனக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். வீராசாமியின் மேல் குற்றம் இல்லை. பதினைந்தை அளந்திருக்கிறார்கள், ஆறு எம்எம், நூல் பிடித்த மாதிரி இருந்ததாம். நீராவி திறப்பதைத் தள்ளிப் போட்டு, இரண்டு பிராக்கெட்டையும் உன் முப்பத்தோராம் பக்கம் சொன்னபடி முழு வெல்டு போடுகிறார்கள். போடுவது வீராசாமி. அவர்தான் போட வேண்டும் என்று கிளையன்டே கேட்டார்களாம். நேற்று யார்டு வாசலில் என்னைப் பார்த்தார். பேசாமல் போய்விடுவார் என்று நினைத்தேன். "இன்னா சார், ஒடம்பு எளச்சிட்டீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அங்கேயே ஓரமாக நின்றுவிட்டேன்.

எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன், பொய்த்தாளில் கையெழுத்துப் போட்டதற்கு. வீரராகவன் சீட்டைப் பார்த்ததே இல்லை என்று சாதித்துவிட்டார். அவரை ஹைதராபாத்துக்கு மாற்றுகிறார்கள். உனக்கு வேலை போய்விட்டது. முக்கியமான நிபந்தனையை யாருக்கும் தெரிவிக்காமல் விட்டதற்கு முழுப் பொறுப்பு நீதான் என்று போட்டிருக்கிறார்கள். போலீஸ் கேஸிலும் இனி உன் பெயர்தான்.

ஒன்பதாம் பக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. 'வெல்டு குறித்து யாரிடமும் வாய்மொழியாகக் கூறவில்லை என்று திருமதி ராதிகா கூறுகிறார். தம்மிடம் அவ்வாறு எதுவும் கூறப்படவில்லை என்று திரு. சரணும் கூறியுள்ளார். இருவரின் கூற்றும் ஒத்திருப்பதால் ஏற்கப்படுகிறது.'

நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய். அவ்வளவு கோபத்திலும், அவ்வளவு நான் கேவலமாக நடந்தும். நாம் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, ஆனால் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறோம் பார். படித்ததும் நான் அழுதேன், ராதிகா. நம்மிடையே ஒன்றும் முறிந்துபோகவில்லை என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

வந்துவிடு. வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். கேஸுக்கு நல்ல வக்கீலாகப் பார்க்கலாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் கூடவே வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எடுத்துக்கொண்டு வரட்டுமா?

உன்
சரண்

*

நசரத்பேட்டை
21 ஏப்ரல் 2025

சரண்,

ஆட்டோ வேண்டாம்.

அன்று பதினொன்றேகால் மணிக்கு நான் மாடிக்கு வந்தபோது நீ வெளியே வந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. கண் சிவந்து போயிருந்தது. வராந்தாவில் வீராசாமி உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீ படியிறங்கிப் போனபின் என்னிடம் ஓடி வந்து, "சாரு உள்ளத உள்ளபடி சொல்லிட்டாரும்மா, மேனேஜரு மூஞ்சியப் பாக்கணுமே" என்றார். அவர் சொன்னது அந்தத் தாளைப் பற்றித்தான். நான் அதை எல்லாவற்றையும் பற்றி என்று எடுத்துக்கொண்டேன். உன் கண்ணைப் பார்த்ததால் அப்படித் தோன்றியது. பொய்த்தாளைப் பற்றி மட்டும் சொன்னவன் இப்படி அழுது சிவந்திருக்க மாட்டான், தோசைக்கல் முன்னால் நான் சொன்னதையும் சொல்லிவிட்டான், ஜெயில் வந்தாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போகப் பார்த்தவன் தானாகவே நடந்து உள்ளே போய்விட்டான் என்று அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பத்து நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா?

உள்ளே போகும்வரை உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். உன்னை அப்படிப் பார்த்தபின் முடியவில்லை. அதிகாரி நீ சொன்னபடியே கேட்டார், வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று. யாரிடமும் சொல்லவில்லை என்றேன். நீ ஒப்புக்கொண்டிருப்பாய், அதனால் என் பொய் உடனே பிடிபடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். பிடிபடட்டும் என்று இருந்தேன். 'உங்கள் கணவர் வேறு மாதிரி சொல்கிறாரே அம்மா' என்று அவர் கேட்பார், கணவன் தன் மேல் போட்டுக்கொள்கிறான், மனைவி தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்று கொஞ்சம் இரங்குவார், நான் வெளியே வந்தால் நீ, எதுக்குடி பொய் சொன்னே என்று திட்டுவாய். இதையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்தேன்.

அவர் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். உன் வாக்குமூலத்தில் விரலை வைத்துப் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "கரெக்ட். உங்க ஹஸ்பண்டும் இதையேதான் சொன்னார்" என்றார். பேனாவை மூடினார். நீங்க போகலாம் என்றார்.

வேலை போனதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, அது போக வேண்டியதுதான். கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், எத்திராஜ் கால் போனதில் என் பங்குக்கு நான் நிற்கத்தான் வேண்டும். அந்தப் பொய்யையும் மாற்றிச் சொல்ல மாட்டேன், நீ பயப்படாதே.

நீ அழுதாயே ஒன்பதாம் பக்கத்தைப் படித்து, நாம் ஒரே மாதிரி சொன்னோம் என்று. பிப்ரவரியில் நான் உன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டுதான் வந்திருந்தேன், சரண். திரும்பி வருவதாகத்தான் இருந்தேன். உன்னை விட்டுப் போனது அந்த நாற்காலியில்தான்.

ராதிகா